தெரிந்த சொல்

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பழைய காகிதம் போடுகிற நீல மூடித் தொட்டிக்கு முன்னால் ஓக்சுன் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரே ஒரு வாரப் பத்திரிகை. 1977ஆம் வருஷத்தது. மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"வண்டி செவ்வாய்க்கிழமைதான் வரும்" என்று முதல் மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. திருமதி காச்மாரெக். முப்பது வருஷமாக அந்த ஜன்னலில் காபிக் கோப்பையோடு நிற்பவர். தெருவில் ஒரு பூனை குறுக்கே போனாலும் அவருக்குத் தகவல் இருக்கும்.

"தெரியுங்க."

"இல்ல, ஒரு புத்தகத்தப் போடறதுக்கு இவ்வளவு நேரம் நிக்கிறீங்களேன்னு பாத்தேன். யாரோட காதல் கடுதாசி அது?"

"கடுதாசி எல்லாம் இல்ல. அச்சடிச்சதுதான்."

"அப்ப தைரியமாப் போடுங்க. அச்சடிச்சதுல பாதி பொய்."

ஓக்சுன் போடவில்லை. செவ்வாய் வரைக்கும் மூன்று நாள் அது தொட்டியில் கிடக்கும். மகள் யோன்மி பதினோரு மணிக்கு வருகிறாள். தேவைப்பட்டால் தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடக்கூடிய பெண்தான் அவள். பத்திரிகையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஓக்சுன் மாடி ஏறினாள்.

இந்த வீட்டுக்கு வாரம் தவறாமல் வந்துபோகிறவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். புதிதாக வாசலில் நிற்பவர்களுக்கு, ஓக்சுனைப்போலவே செவிலியாக வந்த நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரியாவின் குன்சானிலிருந்து செவிலியாக டோர்ட்மண்டுக்கு வந்தவள் ஓக்சுன். அவள் கணவர் மான்ஹோ, இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். இவர்களுடைய ஒரே மகள் யோன்மியை மூன்று வயதில் குன்சானுக்கு, அவள் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பது வயதில் திரும்பி அழைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தவள் கேட்ட முதல் கேள்வி, என்னை ஏன் அனுப்பினீர்கள் என்பது. ஓக்சுன் சொன்ன பதில் ஒரே வாக்கியம். "நம்ம எல்லாரையும் நாட்ட விட்டு அனுப்பப் போறாங்கன்னு பத்திரிகையிலேயே போட்டிருந்துது."

பத்திரிகையிலேயே போட்டிருந்தால் ஒன்பது வயதுப் பெண் என்ன செய்வாள்? நம்பினாள். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தாள். அதை வைத்தே அம்மா அப்பாவை மன்னித்தாள்.

இன்று மாலை நான்கு மணிக்கு மாவட்ட நூலகத்தில், எங்களைப்போல் அந்தக் காலத்தில் வந்த செவிலியர்களைப் பற்றி ஒரு கண்காட்சி தொடங்குகிறது. தொடக்கப் பேச்சு யோன்மியுடையது. அந்தப் பத்திரிகையை வைப்பதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காலியாக வைத்திருக்கிறார்கள். அது தொலைந்துபோனது என்றுதான் ஓக்சுன் இத்தனை வருஷமும் சொல்லிவந்தாள். போன வாரம் தொலைபேசியில் மான்ஹோ, "அதுவா, கீழ நிலவறையில பனிச்சறுக்குக் கட்டை வச்ச பெட்டியில கிடக்கே" என்று போட்டு உடைத்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பக்கத்தில் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. நேர் எதிராகத்தான் போட்டிருந்தது.

*

சமையலறை மேசையில் பத்திரிகையை வைத்து ஓக்சுன் உட்கார்ந்தாள். ஒளித்துவைக்கத்தான் எடுத்துவந்தாள். ஆனால் அதன் வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாகப் பக்கத்தைப் புரட்டியது.

எழுபத்திரண்டில் அவள் நாலாம் வார்டில் இருந்தாள். நுரையீரல் நோய் வந்த ஆண்களின் வார்டு அது. ஜன்னலோரக் கட்டிலில் ஷிமானியாக் என்று ஒருவர், தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். திங்கள்கிழமைதோறும் இந்தப் பத்திரிகையை வாங்குவார். மூன்று நாளில் முடித்துவிட்டு அவளிடம் கொடுப்பார்.

"நல்ல ஜெர்மன் வேணும்னா இதப் படிம்மா. உங்க மேட்ரன் பேசறது வாளி தொடப்பம் ஜெர்மன்" என்பார்.

முதல் பக்கத்துக்குப் பதினொரு நாள் பிடித்தது. பத்தியின் உச்சியில் ஒரு வாக்கியம் கிளம்பினால் அடியில்தான் வினைச்சொல் வரும். நடுவில் யார் யாரோ வந்து போவார்கள். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த பெண்கள் பாதியிலேயே தூக்கிப் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு அது சிரமமாக இல்லை. எங்கள் மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது. யார், யாரை, எங்கே என்று எல்லாம் கேட்டுவிட்டு, என்ன ஆயிற்று என்று காத்திருப்பது பிறவிப் பழக்கம்.

சொற்களுக்கு மேலே பென்சிலால் பொடிப்பொடியாகக் கொரிய மொழியில் பொருள் எழுதுவாள். காலை வேலை முடிந்து வந்து, விடுதிச் சமையலறை ஜன்னல் அருகே, சோற்றுப் பானை கொதிக்கக் கொதிக்கப் படிப்பாள். நான் மூன்றாம் மாடியில் இருந்தேன். உப்பு கேட்டுப் போனால்கூடத் தலை நிமிர மாட்டாள்.

அப்படிப் படித்ததில் ஒரு வேடிக்கை நடந்தது. கூட்டணி நெருக்கடி, ஊதியப் பேச்சுவார்த்தை, நம்பிக்கையில்லாத் தீர்மானம் எல்லாம் ஓக்சுனுக்கு ஜெர்மனில் தண்ணீர் பட்ட பாடு. டப்பாவைத் திறக்கும் கருவிக்கு என்ன பெயர் என்று மட்டும் தெரியாது. கடையில் போய்க் கையால் திருகிக் காட்டுவாள். ஒருநாள் பதினோராம் அறையில் இரண்டு நோயாளிகள் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டார்கள். டாக்டரிடம் ஓடிப்போய், "பதினோராம் அறையில் கூட்டணி நெருக்கடி" என்றாள். டாக்டர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அன்றிலிருந்து அவள் பெயர் பத்திரிகை சிஸ்டர்.

அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமை. சும்மா சொல்லக்கூடாது, எங்களுக்கும்தான். வரி அலுவலகக் கடிதம், டிராம் பாஸ், வீட்டுக்காரர் போட்ட நோட்டீஸ் என்று எது வந்தாலும் ஓக்சுனிடம்தான் கொண்டுபோவோம். நானும் போயிருக்கிறேன். அவள் படித்துச் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

அப்புறம் கல்யாணம் ஆயிற்று. ஒரு குழந்தை பிறந்தது. ஷிமானியாக் குணமாகி வீட்டுக்குப் போனார். பத்திரிகையைத் திங்கள்கிழமைதோறும் டிராம் நிறுத்தத்துக் கடையில் அவளே வாங்கினாள். வாங்கினாளே ஒழிய, ஒரு பக்கம் முழுதாகப் படிக்க நேரமில்லை. மான்ஹோ மாலை வேலைக்குப் போவார், அவள் காலை வேலைக்கு. குழந்தையைக் கைமாற்றுவதோடு சரி.

எழுபத்தேழு வசந்தத்தில் ஒரு வதந்தி பரவியது. வெளிநாட்டுச் செவிலியரின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவு. ஓக்சுனின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. முடிந்தால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டியதுதான். போய் இறங்கும் இடத்தில் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

ஒரு திங்கள்கிழமை. அந்த வாரம் அவள் விடுப்பு. பத்திரிகையின் ஓரப் பத்தியில் ஏழு வரிச் செய்தி. அந்த உத்தரவு, பல தரப்பின் எதிர்ப்புக்குப் பிறகு, இம்மாத இறுதியோடு... கடைசியில் வழக்கம்போல வினை. 'அவுஃப்ஹேபன்'.

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். எக்ஸ்ரேக்குப் போகும்போது ஷிமானியாக் தினமும் சொன்ன சொல். "சிஸ்டர், என் புட்டிங் கிண்ணத்த அவுஃப்ஹேபன்." எடுத்து வை என்று அர்த்தம். ஆக, உத்தரவை எடுத்து வைத்திருக்கிறார்கள். அது அப்படியேதான் இருக்கப்போகிறது.

கணவருக்கும் படித்துக் காட்டினாள்.

"சுரங்கத்துல அவுஃப்ஹேபன்னா கீழ கிடக்கறதத் தூக்குன்னு அர்த்தம். உத்தரவ எதுக்குத் தூக்கறாங்க?" என்றார் மான்ஹோ.

"உங்க சுரங்க ஜெர்மன இங்க கொண்டு வராதீங்க."

மேசையிலேயே அகராதி இருந்தது. அதில் அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் இருந்தது. எடுத்துவிடுவது. ரத்து செய்வது. ஆனால் தெரியாத சொல்லுக்குத்தானே அகராதியைத் திறப்போம், தெரிந்த சொல்லுக்கு யார் திறப்பார்கள்? இன்னொருவரிடம் கேட்டிருக்கலாம். எல்லாரும் வந்து கேட்பது அவளிடம். அவள் யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வியாழக்கிழமை, ஊர் திரும்பிக்கொண்டிருந்த போக்நம் என்ற செவிலி குன்சான் வரை குழந்தையைத் தன்னோடு கூட்டிப்போனாள். முதலில் குழந்தை போகட்டும், இரண்டு மாதத்தில் நாமும் போய்விடுவோம் என்பது ஏற்பாடு. விமான நிலையத்தில் யோன்மி அழவில்லை. ஏரோப்ளேனில் ஒன்றுக்குப் போக இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

பத்தொன்பதாம் நாள் மேட்ரன் கூப்பிட்டு, மூன்று வருஷ நீட்டிப்பில் கையெழுத்துப் போடச் சொன்னார். அன்றைக்குத்தான் ஓக்சுன் அகராதியைத் திறந்தாள்.

பிறகு ஏன் குழந்தை ஆறு வருஷம் அங்கே இருந்தாள்? அந்தக் கேள்வி இந்த வீட்டில் கேட்கப்படவே இல்லை. கேட்கவிடாமல் அந்தப் பத்திரிகை காத்துவந்தது.

*

மான்ஹோ முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குள் வந்தார். மேசையில் இருந்ததைப் பார்த்தார்.

"தூக்கிப் போடப் போறேன்னு கீழ போன?"

"போடல. யோன்மி அப்பா, அவ கேட்டா காணோம்னு சொல்லுங்க."

"போன வாரம்தானே இருக்குன்னு சொன்னேன்."

"வயசாயிடுச்சு, குழம்பிட்டேன்னு சொல்லுங்க."

"யாருக்கு வயசாச்சு?"

"எனக்கா ஆச்சு? முழங்காலத் தேச்சிட்டு நிக்கிறது யாரு?"

"பொய் சொல்லணும்னா ஒரு வாரம் முன்னாடியே சொல்லணும் எனக்கு. சட்டுனு வராது." அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "முப்பத்தாறு வருஷம் ஆச்சு யோன்மி அம்மா. இன்னும் எத்தன நாளைக்கு மூடி வைக்கிறது?"

"இன்னிக்கு ஒரு நாளைக்கு."

"நாளைக்கும் இதத்தான் சொல்லுவ."

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மணி பத்தரைகூட ஆகவில்லை. இந்தப் பெண்ணுக்கு எதிலும் அவசரம். ஓக்சுன் சுற்றுமுற்றும் பார்த்தாள். கிம்ச்சி ஊறுகாய்க்கென்று தனியாக வாங்கிய குளிர்பெட்டி கண்ணில் பட்டது. பத்திரிகையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, முள்ளங்கிக் கிம்ச்சி ஜாடிக்கு அடியில் தள்ளிப் பெட்டியை மூடினாள். வீட்டில் சோறு வைத்துப் பரிமாறுவது நாற்பது வருஷமாக அவள் வேலை. அந்தப் பெட்டியை வேறு யாரும் திறந்ததே கிடையாது.

*

யோன்மிக்கு முப்பத்தொன்பது வயது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஜெர்மனில் ஒரு சாட்சி இருமினால் அதைக் கொரிய மொழியில் இருமிக் காட்டுவாள் என்று மான்ஹோ கேலி பேசுவார்.

வந்ததும் வராததுமாகச் சாவியைக் கேட்டாள். வாங்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடினாள். அரைமணி கழித்துத் தலைமுடியில் ஒட்டடையோடு திரும்பி வந்தாள்.

"பெட்டி இருக்கு, கட்ட இருக்கு, ஷூ இருக்கு. பத்திரிகைய மட்டும் காணோம். அப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மான்ஹோ மனைவியைப் பார்த்தார். "வயசாயிடுச்சும்மா. குழம்பிட்டேன்."

"நீங்களா? போன உலகக் கோப்பையில யாரு எத்தனாவது நிமிஷம் கோல் போட்டாங்கன்னு சொல்றவரு நீங்க."

"அது வேற ஞாபகம்."

மகள் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிப் பெட்டியில் ஒரு புகைப்படமாவது வைக்கலாம், விடுதியில் எடுத்தது இருக்கிறதா என்று கேட்டாள். ஓக்சுனுக்கு மூச்சு வந்தது. அவசரமாக எழுந்து ஆல்பத்தை எடுத்துவந்தாள். வெள்ளைத் தொப்பியோடு ஏழு பெண்கள் நிற்கும் படம் கிடைத்தது. அதில் இடது ஓரம் நான்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. மீனும் சோயா விழுதுக் குழம்பும், கூடவே யோன்மிக்குப் பிடிக்கும் என்று உருளைக்கிழங்கு சாலடும்.

"பேச்ச ஒரு தடவை படிக்கட்டுமா? கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள் யோன்மி.

"சாப்பிட்டுட்டுப் படியேன்" என்றாள் ஓக்சுன்.

"ரெண்டு பக்கம்தான்மா." அவள் காகிதத்தை விரித்தாள். "'என் மூன்றாவது வயதில், ஏழு வரிச் செய்தி ஒன்று என்னை விமானத்தில் ஏற்றியது. என் அம்மா இந்த நாட்டின் மொழியை இந்த நாட்டின் பத்திரிகையிலேயே கற்றவர். தன்னை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்பதையும் அவர் அதிலேயேதான் படித்தார். சிறுவயதில் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. என் பெற்றோர்மேல் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. ஏனென்றால் அவர்களுக்கு வேறு வழி இல்லை.'"

யோன்மி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அத்தனை பிரியம். இந்தப் பிரியம் இனி தனக்கு இருக்குமா என்ற ஒரே பயம்தான் ஓக்சுனுக்கு. அதற்காக எத்தனை பொய்யும் சொல்லத் தயாராக இருந்தாள்.

"நல்லா இருக்கு. அதிகமா ஏதும் சேக்காத" என்றாள்.

மான்ஹோ எழுந்தார்.

"என்ன வேணும்? உக்காருங்க, நான் எடுத்துத் தரேன்" என்றாள் ஓக்சுன்.

"முள்ளங்கி."

"தட்டுல முட்டைக்கோசு இருக்கே."

"எனக்கு முள்ளங்கி வேணும்."

அவள் மேசையைச் சுற்றி வருவதற்குள் அவர் பெட்டியைத் திறந்துவிட்டார். கல்யாணமான நாளாக ஒரு கிண்ணம் கிம்ச்சிகூடத் தானாக எடுத்துச் சாப்பிடாத மனுஷர். ஜாடியை ஒரு கையாலும் பிளாஸ்டிக் பையை மறுகையாலும் தூக்கினார். "இது என்ன, ஜாடிக்கு அடியில புத்தகம்?" என்றார். தெரியாமல் எடுத்தாரா, தெரிந்தேதான் எடுத்தாரா என்று அன்றைக்கு அவரிடம் கேட்க யாருக்கும் நேரமில்லை.

யோன்மி முதலில் சிரித்தாள். "அம்மா, பத்திரிகையக் கூட ஊறுகாய் போட்டுட்டியா?" கையைத் துடைத்துக்கொண்டு ஆசையோடு வாங்கினாள். ஓரத்தில் மிளகாய் விழுது ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு பழைய டிராம் சீட்டு அந்தப் பக்கத்தை அடையாளம் வைத்திருந்தது. "இதோ, உன் பென்சில். எவ்வளவு அழகா எழுதியிருக்க பாரு."

படித்தாள். தொழில் புத்தி முதலில் விழித்தது.

"அம்மா, இங்க ஒரு தப்பு இருக்கு. நீ 'எடுத்து வைக்கிறாங்க'ன்னு எழுதியிருக்க. இந்த இடத்துல அது ரத்து பண்றாங்கன்னு..."

நிறுத்தினாள். மறுபடியும் ஏழு வரியையும் முதலிலிருந்து படித்தாள். விரல் ஒவ்வொரு சொல்லாகப் போய்க் கடைசிச் சொல்லில் நின்றது.

"ரத்தாயிடுச்சு" என்றாள் மெதுவாக. "உங்கள யாரும் அனுப்பல."

"இல்ல" என்றாள் ஓக்சுன்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ போயி பத்தொம்பதாம் நாள்லேர்ந்து."

யோன்மி பத்திரிகையை மூடவில்லை. மேசைமேல் விரித்தபடியே வைத்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று ஓக்சுனுக்குத் தோன்றியது.

"பத்தொம்பதாம் நாள் நான் பெரியம்மா வீட்டு வாசல்ல உக்காந்திருந்தேன். சாப்பிடவே இல்லையாம். பஸ் வந்தா எழுந்து நிப்பேனாம். பெரியம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க."

"எனக்கும் எழுதினா."

"எழுதினாங்களா?"

"ம்."

"ஒரு வார்த்த தெரியாமப் போச்சு. சரி. நானும்தான் கோர்ட்ல தினம் ஒரு வார்த்தையில தடுமாறுறேன். அதுக்கு ஒரு மாசம் போகும், ரெண்டு மாசம் போகும். ஆறு வருஷம் எப்படிம்மா போகும்?"

இத்தனை வருஷமாக ஓக்சுன் இதற்குப் பதில்கள் தயார் செய்து வைத்திருந்தாள். இருவருக்கும் வேலை நேரம் ஒத்துவரவில்லை. பாலர் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. கூட்டிவரப் போக லீவு கிடைக்கவில்லை. எல்லாம் உண்மைதான். வாயைத் திறந்தபோது அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"உன்ன ஏத்தி விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். அழுதேன். நல்லா அழுதேன், அது பொய் இல்ல. அப்புறம் படுத்தேன். எட்டு மணி நேரம் தூங்கினேன் யோன்மி. மூணு வருஷத்துல அதான் முதல் தடவ."

யோன்மி டிராம் சீட்டை எடுத்து விரலில் சுற்றினாள்.

"எழுந்து ஒரு காபி போட்டேன். ஜன்னல்கிட்ட உக்காந்து பத்திரிகைய எடுத்தேன். அட்டையிலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன். யாரும் கூப்பிடல. நல்லா இருந்துச்சு. நல்லா இருக்குன்னு தோணினதும் எனக்கே பயமா ஆயிடுச்சு." ஓக்சுன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பத்தொம்பதாம் நாள் தெரிஞ்சப்ப, இன்னும் ஒரே ஒரு மாசம்னு நெனச்சேன். அந்த மாசம் முடிஞ்சதும் இன்னொண்ணு. உன்ன வேணாம்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. தூங்கணும்னு நெனச்சேன். படிக்கணும்னு நெனச்சேன். அப்புறம் நாளாக ஆக, உன் மூஞ்சியப் பாக்க பயமாயிடுச்சு. இதான் நான் மறைச்சது. அந்த வார்த்தை இல்ல."

"அவள மட்டும் சொல்லாத" என்றார் மான்ஹோ ஜாடியைக் கையில் பிடித்தபடியே. "நானும் தூங்கினேன். நான் மட்டும் எழுந்துபோயி உன்னக் கூட்டிட்டு வந்தேனா?"

யோன்மி எழுந்தாள். பேச்சு எழுதிய காகிதத்தை நான்காக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கோட்டை மாட்டினாள். பத்திரிகையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கதவை அடித்துச் சாத்தவில்லை, பூட்டு விழும் அளவுக்குத்தான் இழுத்தாள்.

*

ஓக்சுன் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மான்ஹோ பால்கனியில் நின்றுகொண்டு கீழே பார்த்தார்.

"வண்டி கிளம்பல."

அவள் குழாயை மூடினாள்.

"உள்ளதான் உக்காந்திருக்கா. வெளக்குப் போட்டுட்டு என்னவோ படிக்கிறா." சிறிது நேரம் கழித்து, "பத்திரிகையத்தான் படிக்கிறா" என்றார்.

மணி மூன்றடித்தது. நான்கு மணிக்குக் கூட்டம். டோர்ட்மண்டில் இன்னும் இருக்கிற எங்கள் ஆட்கள் முப்பது பேர் இந்நேரம் பட்டுச் சட்டையும் மணிமாலையுமாகக் கிளம்பியிருப்போம். முன்வரிசையில் ஓக்சுனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"போயேன்" என்றார் மான்ஹோ.

"போயி என்ன சொல்றது?"

"சொல்றதெல்லாம் சொல்லிட்டியே. சும்மா போ."

ஓக்சுன் ஈரக் கையோடு இறங்கினாள். கோட்டும் இல்லை, காலில் வீட்டுக்குள் போடுகிற துணிச் செருப்பு. முதல் மாடி ஜன்னலில் திருமதி காச்மாரெக் நின்றார். அதிசயமாக அவரே ஜன்னலை விட்டு உள்ளே போனார்.

காருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடியைத் தட்டத் துணிவு வரவில்லை. யோன்மி திரும்பியும் பார்க்கவில்லை. மடியில் பத்திரிகை விரித்துக் கிடந்தது. இரண்டு நிமிஷம் இருக்கும். தூறல் போட்டது. யோன்மி கையை நீட்டிப் பக்கத்து இருக்கைக் கதவை உள்ளேயிருந்து தள்ளினாள்.

ஓக்சுன் ஏறி உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். இரண்டு மொழியிலும் அதற்குச் சொல் இருந்தது.

"அன்னிக்கு" என்றாள் யோன்மி, முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "நல்லாத் தூங்கினியா?"

ஓக்சுனுக்குக் கண் நிறைந்தது. இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது என்று மட்டும் தெரிந்தது.

"நல்லாத் தூங்கினேன்."

யோன்மி தலையை ஆட்டினாள். கோபமா, சமாதானமா என்று பக்கத்தில் இருந்த அம்மாவுக்கே தெரியவில்லை.

"பெல்ட்டப் போடு" என்று வண்டியைக் கிளப்பினாள்.

தெருமுனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் நூலகம். வலப்பக்கம் யோன்மியின் வீடு. ஓக்சுன் ஈரக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மகள் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவாள் என்று பார்த்திருந்தாள்.